கைக்கு எட்டிய ஊபே

உமுநெகே
14 செப்டம்பர் 1996

அன்புத் தம்பி ஒகோரியே,

நான் திடமாக இருக்கிறேன். உன் மருமகள் அடாகுவும் நன்றாக இருக்கிறாள். பதினைந்து வயதுக்குள் என் தோளைத் தாண்டிவிட்டாள். கேமரூன் மழை உன் நெஞ்சுச் சளியை என்ன செய்கிறது? உடம்பைப் பற்றி எழுது. போன கடிதத்தில் உன் மரக்கன்றுப் பண்ணையைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தாய், உன்னைப் பற்றி மூன்று வரிகூட இல்லை.

உன் அத்தான் உசோண்டு போய் ஒரு வருடம் முடிந்தது. துக்கத்துக்கு உடுத்திய கறுப்புத் துணியைக் கழற்றி எரித்தேன். அதற்காகவே காத்திருந்தவர்கள் போல மூன்றாம் நாளே பங்காளிகள் கூட்டம் போட்டார்கள். கூட்டியது என் கொழுந்தன் இபெமெசி. விஷயம் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் ஊபே மரம்.

எழுந்து நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொல்கிறான்: “அண்ணி, பொம்பளை மரம் ஏறக்கூடாது. இது நான் வச்ச சட்டமில்ல, நம்ம முப்பாட்டன் வச்சது. ஏற ஒரு ஆம்பளை இல்லாத வீட்டுக்கு அம்மாம் பெரிய மரம் எதுக்கு? மரத்தையும் அது நிக்கிற மண்ணையும் பங்காளிங்ககிட்ட விட்டுடு. என் பையன் வீடு கட்டிக்கட்டும்.”

அந்த மண்ணில்தான் உன் அத்தான் படுத்திருக்கிறார். நான் அழுவேன் என்று நினைத்தான் போலிருக்கிறது. நான் எழுந்து, “முப்பாட்டன் வச்ச சட்டத்துல, மரம் ஏறுறவங்க வாயைக் கட்டிப் போடணும்னும் இருக்கா?” என்று கேட்டேன். ஏனென்றால் ஊரில் கூலிக்கு ஏறுகிற நாலு பேரையும் அவன் மிரட்டி வைத்திருக்கிறான். எனக்காக ஒருத்தனும் ஏறமாட்டான். கீழே விழும் பழமோ அடிபட்டு, சாயங்காலத்துக்குள் கறுத்து ஈ மொய்க்கிறது. ஊபே பறிக்கிற பழம், பொறுக்குகிற பழம் இல்லை.

கடைசியில் பெரியவர் நுவோசு தீர்ப்புச் சொன்னார். வரப்போகும் மூன்று பருவத்துக்குள், கூட்டத்தில் உடைத்துப் பங்கிடும் கோலாக் கொட்டையை வைக்கும் மரக்கிண்ணம் நிறைய அந்த மரத்துப் பழத்தை நான் கூட்டத்தின் முன்னால் வைக்க வேண்டும். மரத்திலிருந்து பறித்ததாக இருக்க வேண்டும். நானோ அடாகுவோ மண்ணைவிட்டுக் காலைத் தூக்கக் கூடாது. என் பக்கத்து ஆண் யாராவது ஏறலாம். இல்லையென்றால் மரமும் மண்ணும் அவர்களுக்கு.

“சரி” என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்குத்தான் நீ இருக்கிறாயே. பத்து வயதில் உன்னை அணில் என்று கூப்பிட்ட ஊர் இது. அப்பாவின் ஏறுகயிற்றைத் துணி வியாபாரி எஃபியோங்கிடம் கொடுத்தனுப்புகிறேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி வராமல் இருக்கிறாய் என்று பார்க்கிறேன்.

உன் வாசல் பார்த்திருக்கும்,
அக்கா உகோயே


கும்பா
1 டிசம்பர் 1996

என் அக்காவுக்கு,

உன் கடிதம் கையில் வந்தபோது நன்றாகவே இருந்தேன், படித்து முடித்தபோது இன்னும் நன்றாக ஆனேன். உன் வாய் அப்படியே இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். சளி எல்லாம் இல்லை.

மூன்று பருவமா! ஒன்றே போதும் என்று சொல்லியிருக்கலாமே. ஜூனில் வருகிறேன். அந்த மரம் என்ன உயரம்? நான் பார்க்காத மரமா? இங்கே காட்டுக்குள் நிற்கும் ஊபே மரங்களைப் பார்த்தால் நம்முடையது செடி. இபெமெசியின் மகனிடம் சொல், செங்கல்லை வேறு எங்காவது அடுக்கட்டும்.

பண்ணையில் என் கை படாமல் ஒரு கன்றும் வெளியே போவதில்லை. மேலதிகாரி என்னை விட்டு ஒரு நாள் இருக்கமாட்டார், ஆனாலும் விடுப்புக் கேட்பேன்.

அப்பாவின் கயிறு வந்தது. கட்டில் தலைமாட்டில் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். கண் விழித்ததும் அதுதான் தெரிகிறது.

அடாகுவுக்கு என் முத்தம். உனக்கும் கொஞ்சம்.
ஒகோரியே


உமுநெகே
9 ஆகஸ்ட் 1997

தம்பி,

இங்கே எல்லாரும் சுகம், எனக்குத் தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது. உன்னைத் திட்டித் திட்டி.

ஜூன் முழுக்க ஒவ்வொரு சந்தை நாளும் பேருந்து நிற்குமிடத்துக்குப் போனேன். நீ வரவில்லை, கடிதமும் இல்லை. ஜூலையில் மரம் பழுத்து நீலமாகிவிட்டது. அவ்வளவு காய்ப்பு உன் அத்தான் இருந்தபோதுகூட இல்லை. வீடுதோறும் சோளம் சுடுகிற வாசனை. எல்லார் வீட்டுச் சாம்பலிலும் ஊபே வேகிறது, என் மரத்து ஊபே என் தலையில் விழுகிறது. விழுந்ததை அடாகு பொறுக்கிப் பன்றிக்குப் போட்டாள்.

இபெமெசி தினமும் வேலியருகே வந்து நின்று பரிதாபப்படுவான். “அண்ணி, உன் தம்பி வந்துட்டானா? வழியில ஏதாவது மரத்துல ஏறி இறங்கத் தெரியாம உக்காந்திருக்கானோ?”

“அவன் வருவான். அன்னைக்கு உன் மகனோட செங்கல்லை எண்ணி வை, நீயே திருப்பிச் சுமக்கணும்” என்றேன். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கோபம் அவன்மேல் பாதி, உன்மேல் பாதி.

ஒரு பருவம் போய்விட்டது. ஏன் வரவில்லை என்று எழுது. பொய்யாக இருந்தாலும் எழுது.

கோபத்தோடும் குறையாத அன்போடும்,
அக்கா


கும்பா
20 அக்டோபர் 1997

அக்காவுக்கு,

நீயும் அடாகுவும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் தினசரி நினைப்பு. நான் நலம்.

நான் வராததற்கு வேலைதான் காரணம். அதைப் பிறகு பேசலாம். முதலில் இதைக் கவனமாகப் படி.

நம்ம ஊரில் மரம் உயரம் என்றால் ஆள் ஏற வேண்டும் என்று நினைக்கிறோம். இங்கே மரத்தையே கீழே இறக்குகிறார்கள். பதியம் போடுவது என்று பெயர். உன் கட்டைவிரலைவிடச் சற்றுப் பருத்த கிளையாகப் பார், மேல்நோக்கி நிற்க வேண்டும். நான்கு விரல் அகலத்துக்கு வளையமாகப் பட்டையை எடு. பட்டைக்குக் கீழே பச்சையாக ஒரு வழுவழுப்பு இருக்கும், அதையும் சுரண்டு. வெள்ளைக் கட்டை தெரியும்வரை சுரண்டு. பச்சை மிஞ்சினால் காயம் ஆறிவிடும், வேர் வராது. சுரண்டிய இடத்தைச் சுற்றி ஈரமான மக்கிய மரத்தூளை உருண்டையாகப் பிடித்து, பிளாஸ்டிக் தாளால் சுற்றி, மேலும் கீழும் இறுக்கிக் கட்டு. காய்ந்தால் மேல்கட்டைத் தளர்த்திக் கொஞ்சம் தண்ணீர் விடு. நாலைந்து மாதத்தில் தாளுக்குள் வெள்ளை வேர் தெரியும். வேர் பழுப்பானதும் கிளையை வெட்டிப் பையில் நடு, மழைக்கு நிலத்தில் நடு.

இப்படி நட்ட கிளை, தான் குழந்தை என்று நினைப்பதில்லை. பெரிய மரத்தின் வயது அதற்கு இருக்கும். ஓரிரு வருடத்தில் காய்க்கும், இடுப்பு உயரத்தில் காய்க்கும், அதே பழம்தான் காய்க்கும். விதை போட்டால்தான் ஆண் மரமா பெண் மரமா, புளிப்பா இனிப்பா என்ற சூதாட்டம்.

தாளும் மரத்தூளும் கட்டுக்கயிறும் எஃபியோங்கிடம் கொடுத்திருக்கிறேன். மிகத் தாழ்ந்த கிளையைக்கூட எப்படி எட்டுவாய் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. ஏணி வைத்தால் இபெமெசி கூச்சல் போடுவான். ஆனால் நீ வழி கண்டுபிடிப்பாய். எனக்காகக் காத்திருக்காதே.

என்றும் உன்
ஒகோரியே


உமுநெகே
17 நவம்பர் 1997

என் படித்த தம்பிக்கு,

நலமாக இருக்கிறோம், கை மட்டும் கொப்புளம். ஏன் என்று கேள்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பிறகு மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். வேலிப் பக்கம் சாய்ந்த இரண்டு கிளைகள், என் உயரத்தைப் போல இரண்டு மடங்கில். ஏணி கூடாது, முக்காலி கூடாது, கால் மண்ணைவிட்டு எழக்கூடாது. அப்போதுதான் தோன்றியது, நான் ஏறினால்தானே தப்பு, மண் ஏறினால்?

ஒருத்தி நிலத்தில் மற்றவர்கள் மாறி மாறி உழைக்கிற எங்கள் முறைவேலைப் பெண்களைக் கூப்பிட்டேன். ஏழு பேர். கிழங்குக்கு மண் கூட்டுகிற கை எல்லாம். விடியலில் ஆரம்பித்து மத்தியானத்துக்குள் என் மார்பு உயரத்துக்கு ஒரு மேடு எழுப்பிவிட்டோம், ஏறிப்போகச் சரிவும் வைத்து. இபெமெசி ஓடிவந்தான்.

“என்ன பண்றீங்க? யானைக்குக் கிழங்கு போடுறீங்களா?”

“சேப்பங்கிழங்கு போடுறோம் கொழுந்தனாரே. அது பொம்பளைங்க பயிர்தானே? அதுக்குமா முப்பாட்டன் சட்டம் வச்சாரு?” என்றாள் மண் சுமந்த ஒரு கிழவி. எல்லோரும் சிரித்த சிரிப்பில் அவன் போன திசையே தெரியவில்லை. மேட்டின் பக்கவாட்டில் நிஜமாகவே சேப்பங்கிழங்கு நட்டுவிட்டேன், யாரும் ஒன்றும் சொல்லக்கூடாது பார்.

மேட்டின் மேல் நின்று, கொக்கிக் கழியால் கிளையை வளைத்து, ஒன்பது பதியம் போட்டோம். ஆறு நான், மூன்று அடாகு. என் கால் முழுக்க மண்ணில் புதைந்திருந்தது, இறங்கிவந்து விரல் இடுக்கைக் கழுவ ஒரு குடம் தண்ணீர்.

கட்டுக்கயிறு உறுதியாக இருந்தது. பழைய கயிறு, நல்ல முறுக்கு. அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நிஜமாகவே பார்த்துக்கொள்.
அக்கா


கும்பா
10 ஜனவரி 1998

அக்காவுக்கு,

காய்ந்த காற்று வீசும் காலம், உதடு வெடித்திருக்கும், பனங்கொட்டை எண்ணெய் தடவு. இங்கே எல்லாம் நலம்.

மண் மேட்டைப் பற்றி மேலதிகாரியிடம் படித்துக் காட்டினேன். பிரெஞ்சுக்காரர் அவர், பாதி புரியவில்லை, ஆனாலும் வயிறு குலுங்கச் சிரித்தார். உன் அக்காவைப் பண்ணைக்கு அனுப்பு, உன்னை வீட்டுக்கு அனுப்புகிறேன் என்றார்.

உருண்டையைத் தினம் தினம் தொட்டுப் பார்க்காதே. தாளைப் பிரித்து வேர் வந்ததா என்று பார்க்காதே. உன் குணம் எனக்குத் தெரியும். அடை வைத்த முட்டையை உடைத்துப் பார்த்தவள் நீ.

இந்த ஜூனிலும் வர முடியாது என்று நினைக்கிறேன். விடுப்பு இல்லை. நான் இங்கே உட்கார்ந்த இடத்தில் இருந்தே உனக்கு எல்லாம் சொல்லித் தருகிறேன்.

அன்பு,
ஒகோரியே


உமுநெகே
26 ஏப்ரல் 1998

தம்பி,

சுகத்துக்குக் குறைவில்லை. நீ தைரியமாக இரு. இதைப் படித்தால் சிரித்துவிடுவாய், அதனால் ஒழுங்காக உட்கார்ந்துகொண்டு படி.

மரத்தில் ஒன்பது உருண்டை தொங்குகிறதா? ஊர் முழுக்க அதை மந்திரக் கட்டு என்று நம்பிவிட்டது! கணவனை இழந்தவள், தூர தேசத்துத் தம்பி, வெளிநாட்டிலிருந்து பொட்டலம், மரத்தில் கட்டு. வேறு என்ன நினைப்பார்கள்? திருட்டுக்குப் பயந்து மரத்தில் சிவப்புத் துணி கட்டுகிறவர்கள்தானே நாங்கள். நானும் நிமிர்ந்து ஒரு வார்த்தை மறுக்கவில்லை. யாராவது கேட்டால் பெருமூச்சு மட்டும் விட்டேன்.

இபெமெசி பக்கத்து ஊர்க் குறிகாரரைக் கூட்டிவந்தான், மந்திரக் கட்டை அவிழ்க்க. அவர் வேலிக்கு இந்தப் பக்கம் வரவே இல்லை. எட்ட நின்று வெயிலில் மினுங்கும் தாளைப் பார்த்தார். உள்ளே ஏதோ வெள்ளையாக நெளிவது தெரிந்ததும் இரண்டடி பின்னால் போனார்.

“இது நம்ம பக்கத்துக் கட்டு இல்லப்பா. ரொம்பத் தூரத்துக் கட்டு. உள்ள உசிரு இருக்கு. கை வச்சா நான் பொறுப்பில்ல.”

பொய் ஒன்றும் சொல்லவில்லை பாவம், உயிர் இருந்ததுதான். ஒரு சேவலை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து என் மரத்தை ஒரு பல்லிகூடச் சீண்டுவதில்லை.

போன வாரம் வெட்டி இறக்கினேன். ஆறு பிடித்திருக்கின்றன. மூன்று வரவில்லை, அடாகு பச்சையைச் சுரண்டாமல் விட்டிருக்கிறாள். திட்டினேன், அவளும் பதிலுக்குத் திட்டினாள், நம் வீட்டு ரத்தம். ஆறும் வாழை நிழலில் பையில் நிற்கின்றன. மழை இறங்கியதும் உன் அத்தானைச் சுற்றி நடப்பேன்.

இந்தப் பருவமும் நீ வரமாட்டாய் என்பதால் பறிக்க ஆளில்லை. இருக்கட்டும். இன்னும் ஒன்று இருக்கிறது.

அக்கா


உமுநெகே
2 மார்ச் 1999

தம்பி ஒகோரியே,

நாங்கள் நலம். நீ நலமா என்பதை இந்த முறை உபசாரத்துக்காகக் கேட்கவில்லை. ஜூலையிலும் எழுதினேன், நவம்பரிலும் எழுதினேன். ஒரு வருடத்துக்கும் மேலாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. எஃபியோங்கைக் கேட்டால் வானத்தைப் பார்க்கிறான். அவன் எதை மறைக்கிறான் என்று நான் அவனை நெருக்கவில்லை. மறைக்கிறவனே சொல்லட்டும்.

ஆறு கன்றும் பூத்திருக்கின்றன. என் இடுப்பளவுகூட இல்லை, அதற்குள் பூ! குனிந்து மோந்து பார்த்தேன். குனிந்து, ஒகோரியே! ஊபேப் பூவைக் குனிந்து பார்த்த பெண் இந்த ஊரில் நான்தான் முதல்.

இது கடைசிப் பருவம். பூவை என்ன செய்ய வேண்டும் என்று உடனே எழுது.

காத்திருக்கும்,
அக்கா


கும்பா
30 மார்ச் 1999

அக்காவுக்கு,

நலமாகிவிட்டேன். அதாவது, நலம். சில மாதம் வேறு இடத்தில் இருக்க வேண்டியதாயிற்று, உன் கடிதங்கள் பண்ணையிலேயே கிடந்தன. மன்னித்துவிடு.

முதல் வருடப் பூவைக் கிள்ளிவிட வேண்டும் என்பதுதான் பண்ணைப் பாடம். கன்றுக்குத் தெம்பு வேண்டும். ஆனால் உனக்குக் கிண்ணம் நிறைய வேண்டும். நான்கு கன்றில் பூவை விடு, இரண்டில் கிள்ளு. ஒரு கன்றுக்கு இரண்டு கொத்துக்குமேல் வேண்டாம். காய் கனத்தால் கவட்டைக் கம்பு முட்டுக் கொடு. அடியில் சருகு போர்த்து, தண்டை ஒட்டிப் போடாதே, கறையான் வரும். சாம்பல் தூவு.

காய் வெளிர்சிவப்பில் இருக்கும்போது இபெமெசி பார்த்தால் பிடுங்கினாலும் பிடுங்குவான். உன் முறைவேலைப் பெண்களிடம் சொல்லிவை.

நீ ஜெயிப்பாய் அக்கா. எனக்குச் சந்தேகமே இல்லை.
ஒகோரியே


உமுநெகே
18 ஜூலை 1999

என் தம்பிக்கு,

உடம்பும் மனசும் இன்று யானை பலம். உனக்கும் அதில் பாதியை அனுப்புகிறேன், எடுத்துக்கொள்.

நேற்று கூட்டம். கோலா உடைத்தாயிற்று. இபெமெசி புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தான். “மூணு பருவம் முடிஞ்சுது, அந்தத் தம்பி முகத்தை ஒருத்தரும் பாக்கல” என்று ஆரம்பித்தான். நான் அடாகுவைப் பார்த்தேன். அவள் கிண்ணத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். முப்பத்தொரு பழம், கருநீலம், ஒன்றில்கூடக் கீறல் இல்லை.

“எந்தச் சந்தையில வாங்கினே அண்ணி?”

பெரியவர் நுவோசு அவனைக் கையமர்த்தினார். சூடான சாம்பலில் ஆறு பழத்தைப் புரட்டச் சொன்னார். ஒன்றைப் பிட்டு வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கொட்டையைத் துப்பினார். “இது உசோண்டு மரம். நாப்பது வருஷமா தின்னுக்கிட்டிருக்கேன். கடைசியில ஒரு சின்னப் புளிப்பு வரும் பாரு, அது வேற எந்த மரத்துலயும் கிடையாது” என்றார்.

“அப்ப யாரு ஏறுனா?” என்று இபெமெசி குதித்தான். “இவ ஏறியிருக்கா! வழக்கத்தை உடைச்சிருக்கா!”

“வாங்க காட்டுறேன்” என்று எழுந்தேன். மொத்தக் கூட்டமும் என் பின்னால் வந்தது. ஒரு கன்றில் மிச்சம் இருந்தது. அதன் பக்கத்தில் நின்று, இரண்டு காலையும் மண்ணில் நன்றாக ஊன்றி, கையை நீட்டி ஒரு பழத்தைப் பறித்து இபெமெசியின் உள்ளங்கையில் வைத்தேன். பெரியவர் குனிந்து என் பாதத்தைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார், கன்றின் அடித்தண்டைத் தடவிப் பார்த்தார்.

“மண்ணைவிட்டு எழும்பலையே அவ காலு. மரம்ல அவகிட்ட இறங்கி வந்திருக்கு” என்று சொல்லிவிட்டு, சத்தமாகச் சிரித்தார். தீர்ந்தது. மரமும் மண்ணும் என்னோடது, எனக்குப் பிறகு அடாகுவோடது. நான் அங்கேயே உன் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். மூன்று வருடத்து அழுகை, ஒரே தவணையில்.

இன்று காலை இபெமெசி தன் மனைவியை அனுப்பினான், அவர்கள் மரத்தில் பதியம் போட்டுத் தருவேனா என்று கேட்டு. தருகிறேன், மேட்டுக்கு மண்ணை அவனே சுமக்கட்டும் என்றேன்.

இப்போது உன் விஷயம். இரண்டு வருடமாக என் வாயில் இருக்கிறது, இன்று எழுதிவிடுகிறேன். நீ அனுப்பிய கட்டுக்கயிறு அப்பாவின் ஏறுகயிறு. பொட்டலம் பிரித்த அன்றே தெரிந்தது. அவர் கைப்பிடியில் மெழுகு தேய்த்த வாசனை போகவில்லை. அதைப் புரி புரியாகப் பிரித்து, துண்டு துண்டாக வெட்டியிருந்தாய். மரம் ஏறுகிறவன் எவனும் தன் கயிற்றை வெட்டமாட்டான். இனி ஏறமுடியாது என்று தெரிந்தவன்தான் வெட்டுவான்.

எந்த மரம்? எவ்வளவு உயரம்? என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கமாட்டேன். நான் கவலைப்படுவேன் என்று நினைத்தாய், நான் கவலைப்பட்டேன், இரண்டும் சரியாகப் போயிற்று.

ஒரு கன்றில் ஒரே ஒரு பழத்தைப் பறிக்காமல் விட்டிருக்கிறேன். முழங்கால் உயரத்தில் இருக்கிறது. பக்கத்தில் முக்காலி போட்டிருக்கிறேன். இந்த வீட்டில் இனி யாரும் எதற்கும் ஏற வேண்டியதில்லை. வா.

உன் அக்கா,
உகோயே


கும்பா
4 ஆகஸ்ட் 1999

அக்கா,

நலம் என்று எழுதப் பழகிய கை, இன்று நிஜத்தை எழுதுகிறது. பதினாலு முழ உயரம். காட்டு ஊபே, பதியம் போட ஏறியபோது. மரத்தைப் பற்றிய உன் முதல் கடிதம் வருவதற்கு ஒரு மாதம் முன்னால். இடது கால். போன வருடம் மறுபடி அறுத்து வைத்துப் பார்த்தார்கள், முட்டி மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். விழுந்ததிலிருந்தே பண்ணையில் பைக்கு மண் நிரப்புகிறேன். என் கை படாமல் ஒரு கன்றும் வெளியே போவதில்லை என்று எழுதினேனே, அது பொய்யில்லை.

கயிற்றை வெட்டிய அன்று நெடுநேரம் அழுதேன். அது உன் மரத்தில்தான் கட்டப்படப் போகிறது என்று நினைத்ததும் கை சீராக ஓடியது.

வருகிற இருபதாம் தேதி, ந்க்வோ சந்தை நாள், பேருந்தில் வருகிறேன். ஊன்றுகோலோடு இறங்குகிறவன் நான்தான், தேடாதே. முக்காலி வேண்டாம், உயரமான நாற்காலியாகப் போடு, காலை நீட்டி உட்கார வேண்டும்.

அந்த ஒற்றைப் பழத்தை அதுவரை பத்திரமாகப் பார்த்துக்கொள். ஊரில் மற்ற அணில்கள் இருக்கும்.

உன் அணில்,
ஒகோரியே